கரண்ட் போனால் எக்ஸிட் போர்டு எத்தனை நிமிடம் எரிய வேண்டும்? லாட்ஜ், மண்டபம், அபார்ட்மெண்ட் பார்த்துக்கொள்பவர்கள் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை
(இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வேலூரில் ஆற்காடு ரோட்டுப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. தரைத்தளம், மேலே மூன்று மாடி, 28 அறைகள். தங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். நோயாளி ஒருவர், கூட இருவர், ஒரு ஸ்டவ், ஒரு பை நிறைய ரிப்போர்ட். ஒரு மாதம்கூடத் தங்குவார்கள்.

போன வாரம் ராத்திரி பன்னிரண்டே முக்காலுக்கு கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது, நான் தூங்கிவிட்டேன். இரண்டு மணிக்கு ரூம் பையன் கதவைத் தட்டினான். இன்வெர்ட்டர் நின்றுவிட்டது, கட்டடம் முழுக்க இருட்டு. ஜெனரேட்டர் சாவி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போய்விட்டார். டார்ச்சோடு மேலே ஓடினேன். இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவே, திருப்பத்தில், ஒரு பெரியவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர். ஒரு கை சுவரில், இன்னொரு கை படிக்கட்டை தடவிக்கொண்டிருந்தது, அடுத்த படி எங்கே என்று. மனைவி ஒரு படி மேலே, அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் தலைக்கு மேலேயே எக்ஸிட் போர்டு இருக்கிறது. அதுவும் அணைந்து கிடந்தது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது தீயாக இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. இதைச் சரியாகச் செய்துவிட வேண்டும். என் கேள்விகள்: எக்ஸிட் போர்டுக்கும் எமர்ஜென்சி லைட்டுக்கும் தனி பேட்டரி வேண்டுமா? ஜெனரேட்டர் இருந்தால் போதாதா? 90 நிமிடம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எதற்கு?

ஒயர்மேன் காட்பாடி

அண்ணா, முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த இன்வெர்ட்டரில் வேறென்ன ஓடுகிறது?

பாலாற்றங்கரை

எல்லா அறை ஃபேனும், ஒரு டியூப் லைட்டும். வைஃபை, சிசிடிவி. பேட்டரி 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) இரண்டு.

ஒயர்மேன் காட்பாடி

அங்கேதான் போயிருக்கிறது. 28 ஃபேன், ஒன்றுக்கு 70 வாட் வைத்தாலே 1960 வாட். உங்கள் இரண்டு பேட்டரியும் புதிதாக இருந்தாலும் இவ்வளவு லோடுக்கு ஒரு மணி நேரம் தாங்குவது பெரிய விஷயம். பன்னிரண்டே முக்காலுக்குப் போய் இரண்டுக்குள் நின்றது என்றால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வேலூர் வெயிலுக்கு ஃபேன் வேண்டும், அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஃபேனும் எக்ஸிட் போர்டும் ஒரே பேட்டரியில் இருந்தால், ஃபேன் தின்றது போக மீதிதான் போர்டுக்கு. தேவைப்படும் நேரத்தில் மீதி இருக்காது.

இப்போது இன்னொரு கணக்கு பாருங்கள். ஒரு மாடிக்கு எக்ஸிட் போர்டு இரண்டு, எல்இடி என்றால் 3 வாட் வீதம் 6. எமர்ஜென்சி லைட் நான்கு, 5 வாட் வீதம் 20. நான்கு தளத்துக்கு 104 வாட். படிக்கட்டுத் திருப்பங்களுக்கு இன்னும் நான்கு லைட், 20 வாட். மொத்தம் 124. ஒன்றரை மணி நேரத்துக்கு 186 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 230 சொச்சம். 12 வோல்ட்டில் வகுத்தால் 20 ஏஎச்சுக்கு உள்ளேதான். ஆனால் லெட் ஆசிட் பேட்டரியில் எழுதியிருக்கும் ஏஎச் பத்து, இருபது மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. ஒன்றரை மணியில் இறக்கினால் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பேட்டரி வயசாகும், அதற்கும் விட்டுவைக்க வேண்டும். எல்லாம் போட்டுப் பார்த்தால் 40 ஏஎச் போதும், 65 போட்டால் நிம்மதி. உங்களிடம் இப்போது இருப்பதில் கால்வாசிகூட இல்லை! ஆனால் அது அந்த விளக்குகளுக்கு மட்டும். வேறு ஒரு பிளக்கைக்கூட அதில் செருகக் கூடாது.

சத்துவாச்சாரி சங்கச் செயலாளர்

எங்கள் அபார்ட்மெண்ட்டில் தானாக ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டர் இருக்கிறது. கரண்ட் போன 10, 15 நொடியில் பொது விளக்கெல்லாம் வந்துவிடும். எங்களுக்கும் தனி பேட்டரி தேவையா? ஜெனரல் பாடி மீட்டிங்கில் கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்

தம்பி, தீ விபத்து என்றால் நாங்கள் வந்ததும் முதலில் செய்வது மெயினை அணைக்கச் சொல்வது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அதையும். ஒயர் எரியும் கட்டடத்தில் தண்ணீர் அடிக்க வேறு வழியில்லை. அப்போது உங்கள் பொது விளக்கு எதில் எரியும்?

இன்னொன்று. நிறைய இடங்களில் ஜெனரேட்டரும் மீட்டர் போர்டும் தரைத்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். தீ பிடிப்பதும் பல நேரம் அங்கேதான். 1997 ஜூன் 13, டெல்லி உபகார் தியேட்டரை மறக்கக் கூடாது. கீழே கார் நிறுத்தும் இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் பற்றிக்கொண்டது, புகை மேலே பால்கனிக்கு ஏறியது, விளக்கு போனது, எமர்ஜென்சி லைட் இல்லை. 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகை.

90 நிமிடம் எதற்கு என்று கேட்டிருக்கிறார். நல்ல கால் உள்ளவர்கள் நான்கு மாடியை ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள். அது அவர்களுக்காக வைத்த நேரம் இல்லை. நடக்க முடியாதவர், தூக்க மருந்து சாப்பிட்டுப் படுத்தவர், குளியலறையில் மாட்டிக்கொண்டவர், அவர்களைத் தேடி ஒவ்வோர் அறையாகக் கதவைத் தட்டிக்கொண்டு போகிறவர், இத்தனை பேருக்கும் அந்த விளக்கு வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, நான்காம் பகுதியில் இருக்கிறது: சின்னக் கட்டடமாக இருந்தாலும் 90 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. வெளியேறும் பாதையின் நடுக்கோட்டில், தரையில், 10 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும். தரையில் அளக்க வேண்டும், விளக்குக்குக் கீழே கையை நீட்டி அளப்பது கணக்கில்லை.

எங்கெங்கே வைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு வெளியேறும் கதவிலும், நடைபாதை பிரியும் இடத்திலும் திரும்பும் இடத்திலும், ஒவ்வொரு படி வரிசைக்கும் நேராக வெளிச்சம் விழும்படியும், தரை மட்டம் மாறும் இடத்திலும். கடைசிக் கதவுக்கு வெளியிலும் ஒன்று. வெளியில் வைப்பதை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள். வாசலில் இரண்டு படி, சாக்கடைப் பலகை, நிறுத்தி வைத்த பைக். உள்ளே வெளிச்சத்தில் வந்தவர் அங்கே விழுவார், அவர் மேல் பின்னால் வருபவர் விழுவார்.

உயரமான கட்டடத்துக்குத்தானே இதெல்லாம் என்று கேட்பார்கள். தமிழ்நாட்டு 2019 கட்டட விதிகளில் 18.30 மீட்டருக்கு மேலே போனால்தான் உயர்மாடி. உங்கள் லாட்ஜ் அதற்குள் வராது. ஆனால் இருட்டில் விழுவதற்கு 18 மீட்டர் தேவையில்லை தம்பி. ஒரு படி போதும்.

குடியாத்தத்துக்காரன், துபாய்

நான் இங்கே கட்டட மின்பணியில் இருக்கிறேன். ஊர்க்காரர்கள் பேசுவதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. அமெரிக்க விதியான என்எஃப்பிஏ 101-லும் 90 நிமிடம்தான், கரண்ட் போனால் 10 நொடிக்குள் விளக்கு வந்தாக வேண்டும். பிரிட்டிஷ் முறையில் ஹோட்டல் போல ஆட்கள் தூங்கும் இடங்களுக்கு 3 மணி நேரம் கேட்பது வழக்கம். தூங்கியவர் எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று புரிந்து, வெளியே வர நேரமாகும். லாட்ஜ் அண்ணா, உங்களுக்குப் பொருந்துவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. முடிந்தால் மூன்று மணி நேர மாடலாகவே வாங்குங்கள்.

போர்டு அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. உள்ளிருந்து ஒளிரும் போர்டு என்றால் படத்தின் உயரத்தைப் போல 200 மடங்கு தூரம் வரை தெரியும். 15 சென்டிமீட்டர் உயரப் படம் 30 மீட்டருக்கு. வெளியிலிருந்து வெளிச்சம் படும் போர்டு என்றால் அதில் பாதி. உங்கள் நடைபாதை நீளத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஒயர்மேன் காட்பாடி

செயலாளர் சாருக்கு ஒன்று சொல்ல வேண்டும், இது யாரும் பேசாத விஷயம்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் வரும், சரி. மூன்றாம் மாடி நடைபாதையில் ஒரு ஹோல்டர் ஷார்ட் ஆகி அந்த மாடி எம்சிபி (ஷார்ட் ஆனால் லைனைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும் விழுந்தால்? கட்டடத்துக்கு மெயின் சப்ளை இருக்கிறது. ஜெனரேட்டருக்கு ஒன்றும் தெரியாது, அது பேசாமல் நிற்கும். கீழே இருக்கும் இன்வெர்ட்டருக்கும் தெரியாது. ஆனால் மூன்றாம் மாடி இருட்டு. தீ பிடிக்கும்போது முதலில் நடப்பதும் இதுதான், ஒரு மூலையில் ஒயர் உருகும், அந்த ஒரு எம்சிபி விழும்.

அதனால் எமர்ஜென்சி லைட்டுக்கு லைன் எடுக்கும்போது அந்தந்த மாடி விளக்கு எந்த எம்சிபியில் இருக்கிறதோ அதிலிருந்தே எடுக்க வேண்டும். அந்த எம்சிபி விழுந்தால் அந்த இடத்து எமர்ஜென்சி லைட் உடனே எரிய வேண்டும். அதையும் சுவிட்சுக்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். சுவிட்சுக்குப் பின்னால் எடுத்த ஒரு லாட்ஜில் வேலை பார்த்திருக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குப் பையன் நடைபாதை லைட்டை அணைப்பான். எமர்ஜென்சி லைட் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து எரியும், பேட்டரி காலியாகும் வரை. காலையில் சார்ஜ், ராத்திரி காலி. ஒரு வருஷத்தில் பதினாறு லைட்டிலும் பேட்டரி செத்தது. முதலாளி கம்பெனி மோசம் என்றார். லைட் மேல் தப்பில்லை, ஒயரிங் தப்பு.

மீட்டர் வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 காட்டும், நல்லாத்தான் இருக்கிறது என்று மூடிவிடுவார்கள். விளக்கை எரியவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள். செத்த பேட்டரி என்றால் முள் கண் முன்னாலேயே 11, 10, 9 என்று இறங்கும். லோடு இல்லாமல் அளந்த அளவுக்கு மதிப்பே கிடையாது.

வாலாஜா மண்டபம்

எங்கள் கல்யாண மண்டபத்தில் இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். பேட்டரியும் வேண்டாம், ஒயரும் வேண்டாம், பராமரிப்பும் இல்லை. இவ்வளவு செலவு ஏன் செய்ய வேண்டும் என்று புரியவில்லை.

குடியாத்தத்துக்காரன், துபாய்

ஸ்டிக்கர் நல்லதுதான், ஒட்டுங்கள். ஆனால் அது வெளிச்சத்தைக் குடித்துத் திருப்பிக் கொடுப்பது. மண்டபம் முகூர்த்த நாளில்தான் திறக்கிறது. நடைபாதையில் விளக்கே போடாமல் பூட்டி வைத்திருந்தால் அது எதைக் குடித்திருக்கும்? நன்றாக ஒளிர்ந்தாலும் கதவு எங்கே என்று காட்டும், காலடியில் கிடக்கும் நாற்காலியைக் காட்டாது. ஆயிரம் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் டைனிங் ஹாலில் தரை தெரிய வேண்டும்.

ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்

ஸ்டிக்கருக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. புகை மேலே நிற்கும். கதவுக்கு மேலே இருக்கும் போர்டு புகைக்குள் போய்விடும், தவழ்ந்து வருபவர் கண்ணுக்குத் தெரியாது. சுவரின் அடியில், முழங்கால் உயரத்துக்குக் கீழே, படி விளிம்பிலும் ஸ்டிக்கர் ஒட்டினால் அவருக்கு அது கைகொடுக்கும். பேட்டரி விளக்கோடு சேர்த்து வைக்க வேண்டும், அதற்குப் பதிலாக வைக்கக் கூடாது.

மண்டபக்காரர் ஐயா, வாடகை ஜெனரேட்டர் வேனில் வரும், மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைக் கையால் போடுவார்கள், இல்லையா? அந்த ஆள் சாப்பிடப் போயிருக்கும் இருபது நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். பின்பக்கச் சமையல் கூடத்து வழியையும் பாருங்கள். அண்டா, சிலிண்டர், விறகு எல்லாம் அந்தக் கதவை மறித்து வைத்திருப்பார்கள். அதன் மேலே எக்ஸிட் போர்டு பளிச்சென்று எரிந்து என்ன பயன்?

இரவு ட்யூட்டி நர்ஸ்

நான் வார்டில் ராத்திரி வேலை பார்க்கிறவள். பாலாற்றங்கரை அண்ணா எழுதிய அந்தப் பெரியவர் போல எத்தனையோ பேரைப் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

உங்கள் போர்டில் என்ன எழுதியிருக்கிறது? தமிழிலும் இங்கிலீஷிலும் எழுத்து மட்டும் இருந்தால் உங்களிடம் தங்குபவர்களில் பாதிப் பேருக்கு அது வெறும் விளக்கு. பச்சை நிறத்தில் ஓடும் மனிதன் படமும் அம்புக்குறியும் இருக்கும் போர்டாக வைத்துவிடுங்கள், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அம்பு சரியான பக்கம் காட்டுகிறதா என்று ஒவ்வொரு போர்டாக நின்று பாருங்கள். ஒரு இடத்தில் அம்பு லிஃப்டைக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

அறை கொடுக்கும்போதே ஒரு தடவை படிக்கட்டு வரை கூட்டிப்போய்க் காட்டுங்கள் அண்ணா. பாஷை வேண்டாம், கையால் காட்டினால் போதும். நடக்க முடியாதவர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறை கொடுங்கள். ஆக்ஸிஜன் வைத்திருப்பவர் யார், வீல்சேர் யார் என்று ராத்திரிப் பையனிடம் ஒரு சீட்டு இருக்கட்டும்.

பாலாற்றங்கரை

அக்கா, இதில் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கே மூன்றாம் மாடியில் இருக்கும் இரண்டு பேரைக் கீழே மாற்றிவிடுகிறேன்.

ஒயர்மேன் அண்ணா, தனி இன்வெர்ட்டர் ஒன்று போட்டு எல்லா விளக்கையும் அதில் சேர்ப்பதா, இல்லை ஒவ்வொரு விளக்கிலும் உள்ளேயே பேட்டரி இருக்கும் மாடல் வாங்குவதா? கடையில் எஃப்ஆர்எல்எஸ் ஒயர் போட்டால் தீயிலும் வேலை செய்யும் என்கிறார்கள்.

ஒயர்மேன் காட்பாடி

கடைக்காரர் சொன்னது தப்பு. எஃப்ஆர்எல்எஸ் என்றால் ஒயர் தீயைப் பரப்பாது, புகை குறைவாக வரும், அவ்வளவுதான். தீயில் மாட்டினால் அதுவும் உருகி ஷார்ட் ஆகும். தீக்குள்ளேயும் கரண்ட் கொண்டுபோகும் ஒயர் வேறு சாதி. ஃபயர் சர்வைவல் கேபிள் என்று கேட்க வேண்டும், 950 டிகிரியில் மூன்று மணி நேரம் தாங்குமா என்று சோதித்த வகையெல்லாம் உண்டு. விலையும் அதற்கேற்ற மாதிரி. கீழே ஒரே இன்வெர்ட்டர் வைத்து மேலே நான்கு தளத்துக்கு விளக்கு கொடுப்பதென்றால் அந்தக் கேபிள்தான் இழுக்க வேண்டும். சாதா ஒயரில் இழுத்தால் தரைத்தளத் தீ மூன்றாம் மாடி விளக்கையும் அணைத்துவிடும்.

உங்கள் அளவு கட்டடத்துக்கு உள்ளே பேட்டரி இருக்கும் விளக்குதான் என் ஓட்டு. லைன் எரிந்துபோனாலும் அது பாட்டுக்கு எரியும். ஒன்று செத்தால் ஒன்றுதான் போகும். அதற்காகவே ஒவ்வொரு படிப் பகுதியிலும் இரண்டு விளக்கின் வெளிச்சமாவது விழும்படி வையுங்கள்.

ஒரே குறை, நம் ஊர் சூடு. லெட் ஆசிட் பேட்டரி 25 டிகிரிக்குச் செய்தது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டுத் தலைப்பில் கையை வைத்துப் பாருங்கள், கான்கிரீட் சுடும். அங்கே மாட்டிய லைட்டில் பேட்டரி இரண்டு வருஷம் வந்தால் பெரிது. அந்த இடத்துக்கு மட்டுமாவது லித்தியம் அயர்ன் (இரும்பு) பாஸ்பேட் பேட்டரி மாடல் வாங்குங்கள். பேட்டரி போட்ட தேதியை மார்க்கரால் விளக்கின் பக்கவாட்டிலேயே எழுதிவிடுங்கள், பில்லைத் தேட வேண்டாம்.

சத்துவாச்சாரி சங்கச் செயலாளர்

எல்லாம் படித்தேன், மீட்டிங்கில் வைக்கிறேன். சோதனை எப்படிச் செய்வது? பட்டனை அழுத்தினால் எரிகிறது. அது போதாதா?

குடியாத்தத்துக்காரன், துபாய்

பட்டன் அழுத்துவது மாதச் சோதனை சார். என்எஃப்பிஏ முறையில் மாதம் ஒரு தடவை 30 நொடி, வருஷம் ஒரு தடவை முழு 90 நிமிடம். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியும் 30 நொடி எரிந்துவிடும். அதனால் வருஷச் சோதனையை விட்டுவிட்டால் மாதச் சோதனை ஏமாற்றும். எம்சிபியை இறக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எந்த விளக்கு எத்தனையாவது நிமிடத்தில் அணைந்தது என்று நோட்டில் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சோதனை முடிந்ததும் எல்லா பேட்டரியும் காலி. முழுதாக ஏற 24 மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் நிஜமாகவே கரண்ட் போனால் ஒன்றும் இருக்காது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி விளக்கை ஒரு நாள், மீதியை இரண்டு நாள் கழித்து. பகலில் தொடங்குங்கள்.

பாலாற்றங்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். 20 எமர்ஜென்சி லைட், 8 எக்ஸிட் போர்டு, எல்லாம் உள்ளே பேட்டரி உள்ளவை, மூன்று மணி நேர மாடல். ஓடும் மனிதன் படம். வாசலுக்கு வெளியே ஒன்று. ஃபேன் இன்வெர்ட்டர் அப்படியே இருக்கிறது, அதிலிருந்து எக்ஸிட் போர்டு லைனை எடுத்துவிட்டோம். ஜெனரேட்டர் சாவி இனி ரிசப்ஷன் ஆணியில், ராத்திரிப் பையனுக்கு ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கொடுத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முதல் பாதியைச் சோதித்தோம். ஒவ்வொரு மாடி எம்சிபியாக நானே இறக்கினேன். இரண்டாம் மாடியில் ஒரு லைட் எரியவே இல்லை. திறந்து பார்த்தால் உள்ளே பேட்டரி பின்னைச் சொருகாமலே மாட்டியிருக்கிறார்கள். மாட்டியவர் பட்டன் கூட அழுத்திப் பார்க்கவில்லை. மற்ற எல்லாம் 90 நிமிடம் தாண்டி எரிந்தன. விட்டுவைத்துப் பார்த்தேன். மூன்றாம் மாடி தலைப்பில் இருப்பது 2 மணி 10 நிமிடத்தில் அணைந்தது. புது விளக்கு, மூன்று மணி நேரம் என்று பெட்டியில் போட்டது. மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெரியவர் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறார், இப்போது கீழ்த்தளத்தில். சோதனை நடந்தபோது சத்தம் கேட்டு வெளியே வந்தார். படிக்கட்டுத் திருப்பம் வரை மெதுவாக ஏறி, அன்றைக்கு உட்கார்ந்திருந்த படியைக் காலால் தொட்டுப் பார்த்தார். மேலே விளக்கைப் பார்த்தார். அப்புறம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மீதிப் பாதி நாளை மறுநாள். ஒயர்மேன் அண்ணா, அந்தப் பின் சொருகாத லைட்டைப் போல வேறு எதையெல்லாம் திறந்து பார்க்க வேண்டும்?

ஒயர்மேன் காட்பாடி

சார்ஜ் ஆகிறது என்று காட்டும் சின்னப் பச்சை விளக்கு எதில் எரியவில்லையோ அதையெல்லாம். நாளை மறுநாள் மதியத்துக்கு மேல் நானே வருகிறேன் அண்ணா, ஏணி மட்டும் எடுத்து வையுங்கள்.